கெட்ட இல்லாத நன்றி

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதே இல்லை. 'கெட்ட' என்பதையும் கூட்டிக்கொண்டுதான் வரும். காய்ச்சலில் அம்மா ஒருநாள் நடவுக்குப் போகாவிட்டால் நிலக்காரர் வாயில் அவள் நன்றி கெட்டவள். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் எங்கள் தெருவே நன்றி கெட்ட ஜனம். யாராவது ஒத்தாசை செய்தால் அம்மா "நல்லா இரு சாமி" என்பாள். மறுநாள் ஒரு கிண்ணம் மீன்குழம்பு அவர்கள் வீட்டுக்குப் போகும். அதற்கு மேல் சொல் எதற்கு? பள்ளிப் புத்தகத்தில் நன்றியைத் தனியாகப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தன. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். மெல்லிய கம்பியை அறுக்காமல் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். நாற்று நட்ட கை எனக்கு, ஒருமுறைகூட அறுபடவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து, வேலை நிரந்தரமாகும் நேரத்தில் மானேஜர் கூப்பிட்டார்.

"உன்ன சிபாரிசு பண்ணதே உங்க ஊர் நிலக்காரர்தானாமே. அவர்கிட்ட ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடும்மா. ஆர்டர் தயாரா இருக்கு."

கம்பெனிக்கு இடம் விற்றவர் அந்த நிலக்காரர். என்னைச் சிபாரிசு செய்தார் என்பது பச்சைப் பொய். நான் வேலைக்குப் போன முதல் நாள், நடவுக்கு ஆள் குறைகிறதென்று எங்கள் தெருமுனையில் நின்று கத்தியவர் அவர்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "நாம இன்னாடி தப்பு பண்ணோம்? அந்த மானேஜரு எதுக்கு நன்றி அது இதுன்னு திட்டறாரு?" அது திட்டு இல்லை என்று புரியவைப்பதற்குள் சோறே ஆறிவிட்டது.

மறுநாள் இருவரும் நிலக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் நாற்காலியில், நாங்கள் வாசலில். "ஆண்டே" என்று அம்மா குனிந்தாள். நான் "சார்" என்றேன். அதற்கே அவர் புருவம் ஏறியது.

"இன்னா, சொல்ல வந்தத சொல்லு."

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "சொல்றேன் சார். எங்கம்மா கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்க கழனில நாத்து நட்டுக்கினு இருக்காங்க. அவங்களுக்கு நீங்க ஒருவாட்டி நன்றி சொல்லுங்க. அப்பால நான் சொல்றேன்."

அவர் எழுந்தே விட்டார். "நன்றி கெட்ட ஜனம்" என்றார். வேறென்ன சொல்வார்?

அம்மா என் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, "வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அவரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆர்டர் வரவில்லை. அந்த வாரமே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு கம்பெனி கிடைக்க ஒரு வருஷம் ஆனது. ஆனாலும் அதே வாசலில் இன்று நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

அன்று வரப்பில் திரும்பி வரும்போது அம்மா கேட்டாள். "அந்த வார்த்தைய கெட்ட இல்லாம சொன்னா எப்டிடி இருக்கும்?"

"நன்றிம்மா" என்றேன்.

என்னை முந்திக்கொண்டு நடந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "இன்னொருவாட்டி சொல்லு" என்றாள்.