எங்கள் கடல் அந்தப் பெட்டிக்குள் இல்லை

நான் வசிக்கும் வடநோர்வேக் கரையோர ஊரில் பெரிய கடை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. அங்கே கம்பளிக் காலுறையும், சொக்லேற்றும், கடலுக்கடியில் மீன் எங்கே, பாறை எங்கே என்று திரையில் காட்டும் கருவியும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் கிடக்கும். வாங்குகிறவர்களில் பலருக்குக் கடல் பிழைப்பல்ல. கோடை விடுமுறையில் சும்மா தூண்டில் போடுவார்கள். என்னோடு மீன் ஆலையில் வேலை செய்யும் ஒருத்தி, திரை சிறிதாக இருக்கிறது என்று நன்றாக வேலை செய்யும் கருவியைக் குப்பை நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் தட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

காரணம், இலங்கையில் கற்பிட்டியில் இருக்கும் என் அண்ணன், றிஸ்வான் நானா. சின்னப் படகும் ஓர் எஞ்சினும் வைத்துக்கொண்டு, இந்தக் கருவி இல்லாமலே கடலுக்குப் போகிறவர். புத்தளம் கடைகளில் அது இல்லை. கொழும்பில் கேட்டால் விலை தலையைச் சுற்ற வைக்கும். கப்பல் கூலி, துறைமுகத்தில் ஒரு வரி, அதற்கு மேல் இன்னொரு வரி, முகவரின் இலாபம், டொலர் ஏறிய ஏற்றம் எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பெட்டி சுமக்க வேண்டும். சம்பளம் கூடிய நாட்டில் மலிவு, குறைந்த நாட்டில் யானை விலை. நிறையப் பேர் வாங்கும் இடத்தில் விலை இறங்கும், சிலர் வாங்கும் இடத்தில் ஏறும் என்று இங்கே ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். எனக்கும் விளங்கும். ஆனால் எங்கள் முந்தல் பக்கத்து இறால் மட்டும் இந்த ஊர்க் குளிர்பெட்டி வரைக்கும் மலிவாக வந்து படுத்திருக்கிறதே, அது எந்த நியாயம்? எங்களிடமிருந்து வருவதற்குத் திறக்கிற கதவு எங்களிடம் போவதற்கு மட்டும் ஏன் இறுகிக்கொள்கிறது?

போன வருடம் நானாவின் வலை பாரில் சிக்கிக் கிழிந்தது. பார் என்றால் எங்கள் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. அதற்கு முந்திய வலையும் அப்படித்தான் போனது. தொலைபேசியில் நானா தாழ்ந்த குரலில் கதைத்தார்.

“இன்னொரு வல போனா இந்த போட்ட வித்துட்டு கத்தாருக்குப் போறதுதான் புள்ள. வேற வழியில்ல.”

 ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி வெளிநாடு போனது போதும். கடல் தெரிந்த மனிதர் பாலைவனத்தில் சீமெந்து மூட்டை தூக்க நான் விடமாட்டேன் என்று முடிவெடுத்து, மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். “எந்தக் கடலில் பாவிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கற்பிட்டியில் ஒரு பக்கம் களப்பு என்கிற உப்புநீர்க் காயல், மறு பக்கம் கடல். மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் யாரும் முதலில் கேட்பது, களப்பா கடலா என்றுதான். அந்தப் பழக்கத்தில், “களப்பு இல்லை, பெரிய கடல்தான்” என்றேன். அவர் தலையாட்டினார்.

“விடுமுறைக்குப் போகிறீர்களா?”

“இல்லை, வீட்டுக்கு.”

“உங்கள் வீடு இங்கேதானே?”

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் பெட்டியைப் பொதி செய்தார். ஊருக்குப் போகுமுன், வேலை செய்கிறதா என்று பார்க்க இங்குள்ள இறங்குதுறையில் அதை இயக்கினேன். திரையில் ஒவ்வொரு பாறைக்கும் ஆழம் எழுதியிருந்தது. நான் நின்ற இடத்தை ஒரு புள்ளியாகப் பதிந்து, பர்சானா என்று என் பெயரை வைத்தேன். இறங்குதுறை தண்ணீருக்கு மேல் நீண்டிருந்ததால் புள்ளி கடலுக்குள் விழுந்தது.

உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, சுங்கத்தில் வரியையும் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முதல் நாள் நானாவோடு நானும் படகில் ஏறினேன். கரையிலிருந்து விலகும்போது நானா திரையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

“என்ன புள்ள இது? கீழ தண்ணி, மேல வானம். மெஷின் நான் தரையில நிக்கிறன் எண்டுது!”

உண்மைதான். அந்தக் கருவியில் நோர்வேயின் ஒவ்வொரு பாறையும் இருந்தது. எங்கள் பக்கத்துக்கு யாரோ கையால் கிறுக்கியது போல ஒரு கரைக்கோடு மட்டும். அந்தக் கோட்டின்படி எங்கள் படகு நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கேட்டது கடலின் பெயரை. எந்தப் படம் வேண்டும் என்று அறியத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

அன்று இரவே கருவி செய்யும் நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. உங்கள் பகுதிக்கு விரிவான படம் வெளியிடும் எண்ணம் இல்லை, வாங்குவோர் போதாது. அதாவது, ஆட்கள் மீன் பிடித்துச் சாப்பிடும் கடல் கடல் இல்லையாம். கருவி வாங்கும் ஆட்கள் இருந்தால்தான் கடலாம்!

நானாவுக்குக் கோபமே வரவில்லை. “தொண்ணூறில எங்கள வெரட்டின நேரம் மன்னாரில இருந்து வெளிக்கிட்டு வாப்பா இங்க வரக்குள்ள ஆர் படம் குடுத்த? ஆழம் காட்டுதுதானே. இடத்த நாம பதிவம்” என்றார்.

பதிந்தோம். வலையைத் தின்ற பாறைகளுக்கு மேலே படகை நிறுத்தி, ஆழம் பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்தினோம். நானா சொல்லச் சொல்ல நான் ஆங்கில எழுத்தில் எங்கள் பெயர்களை வைத்தேன். வலைகிழிச்சான், வாப்பாபார், மச்சிகோவம். கடைசியது, வலை போன அன்று நானாவின் மனைவி சமைக்க மறுத்ததற்காக. நான் திரும்பி வந்த பிறகு மற்றப் படகுக்காரர்களும் வந்து தங்களுக்குத் தெரிந்த பாறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது திரை நிறையப் புள்ளிகள். வலை கிழியவில்லை. கத்தார்க் கதையும் வீட்டில் இல்லை. இனி அந்த நிறுவனம் எங்கள் கடலின் படத்தை விற்க வந்தாலும், நாங்கள் வாங்கப் போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நானா அழைத்தார். இங்கே ஆலை வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாப் புள்ளியும் பாத்தன் புள்ள. ஒண்டு மட்டும் எங்கயோ வடக்கால கிடக்கு. உன்ட பேர். அழிக்கட்டா?”

“வேணாம் நானா.”

“அதான் நானும் விட்டு வச்சிருக்கன்” என்றார். பிறகு சிரித்தார். “ஆனா பாரு, கடல்ல நிக்கிற என்னய இந்த மெஷின் இன்னும் தரையிலதான் வச்சிருக்கு. தரையில நிக்கிற நீதான் கடல்ல நிக்கிறாய்.”