கழிமுகத்தில் இறங்கிய மருமகள்

இரண்டு புடவைகளின் முந்தானைகளைச் சேர்த்து இறுக்கிப் போட்ட ஒரு முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எண்ணூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சாக வேண்டுமென்று கழிமுகத்தில் இறங்கிய ஓர் இருளர் பெண்ணை மீனவர்கள் தூக்கிவந்து சேர்த்திருந்தார்கள். அவளுடைய மாமியார் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தன் முந்தானையை மருமகளின் முந்தானையோடு முடிந்துவைத்திருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. மருமகள் புரண்டால் அவளும் கூடவே நகர்ந்துகொள்வாள்.

அந்தப் பெண்ணின் புருஷன் சில நாட்களுக்கு முன்புதான் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தான். உப்பளத்தில் ஏதோ காணாமல் போக, இருளன்தானே என்று அவனை ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டுபோய் அடித்து அனுப்பியிருந்தார்கள். காணாமல் போன பொருள் பிறகு உப்பளத்துக் கொட்டகையிலேயே கிடைத்தது. அதைச் சொல்லக்கூட யாரும் அவன் குடிசைப் பக்கம் போகவில்லை. எங்கள் டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் படித்ததை அப்படியே நம்பினார். "காட்டு ஜனங்கம்மா, இவங்களுக்கு உயிர் பெரிசில்லை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் கேட்டது ஒன்றுதான். மருமகளை மறுபடி கழிமுகத்துக்கே கூட்டிப்போக வேண்டும். "அதே தண்ணிக்கா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று டாக்டர் கத்தினார். நானும் திடுக்கிட்டுத்தான் போனேன்.

இருளர் பெண்கள் வலை போடுவதில்லை. பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள்.

"வூட்ல வுட்டா தனியா கெடந்து பூடும் சாமி. தண்ணில நாங்க சுத்திக் கீறோம். எறா தடவசொல்லோ எங்க கையி அது கையில பட்டுக்கினே இருக்கும்" என்றாள் மாமியார்.

அப்போதெல்லாம் சாக முயன்றால் வழக்கு உண்டு. வாசலில் காவலிருந்த ஏட்டுக்கே மனசு இளகிவிட்டது. "கேஸ் வாணாம். தவறி வுயுந்துட்டான்னு எய்திக்கறேன், இட்டுனு போ" என்றார். கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாமியார் போகவில்லை.

"தவறி வுயல ஏட்டய்யா. இன்னாத்துக்கு வுயுந்துச்சோ, அத்த எய்து. எம் புள்ள இன்னாத்துக்குச் செத்தான், அத்தயும் எய்து."

மருமகளை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன். ஏட்டு நோட்டை மூடினார். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னார். எதையும் எழுதவில்லை.

மருமகள் பிழைத்துக்கொண்டாள். கழிமுகத்தில் அந்த வரிசையின் நடுவில் பலமுறை பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் இன்று பழங்குடிகளின் தற்கொலையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். குடி, வறுமை, அறியாமை என்று காரணத்தையெல்லாம் அந்த ஜனங்களின் குடிசைக்குள்ளேயே தேடுகிறார்கள். அடித்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்காதா என்று நான் கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறேன்.