ஆன்டெனாவில் கட்டிய மஞ்சள் கயிறு

எங்கள் காரில் ரேடியோவைப் போட்டால் ஆன்டெனா தானாக எழும். முன்பக்க மட்கார்டுக்குள் ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது. ரேடியோவிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. ரேடியோவைப் போட்டதும் அந்த ஒயரில் மின்சாரம் வரும். மோட்டார் சுற்றி, பல் வைத்த நைலான் நாடா ஒன்றை மேலே தள்ளும். நாடாவின் நுனியில் மாட்டிய கம்பி அடுக்கடுக்காக நீளும். ரேடியோவை நிறுத்தினால் இறங்கிவிடும். வாங்கும்போதே அது பழைய கார். இந்த ஒன்றுக்காகத்தான் அக்காவுக்கு அதைப் பிடித்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு வாழவந்தி நாடு என்ற எங்கள் மலைக் கிராமத்தில் என்னோடுதான் இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் சிறுநீரகம் கெட்ட பின், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு நாமக்கல் கூட்டிப் போனேன். இறங்க எழுபது வளைவு, ஏற எழுபது வளைவு. அத்தனைக்கும் அவளுக்குத் துணை ரேடியோ.

எஃப்.எம். அலை நேர்கோட்டில் வருவது. நடுவே மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். சமவெளியைப் பார்த்த வளைவில் பாட்டு வரும், மலையைப் பார்த்துத் திரும்பினால் இரைச்சல். எந்த வளைவில் வரும், எதில் போகும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். "இப்ப வரும் பாரு" என்பாள். வரும். பாதியில் அறுந்த பாட்டை அடுத்த வளைவு வரை அவளே பாடிக்கொண்டு வருவாள். ரேடியோ திரும்பப் பிடிக்கும்போது பாட்டு வேறு இடத்தில் இருக்கும்.

"அவங்க முந்திட்டாங்க கண்ணு" என்று சிரிப்பாள்.

"சும்மா வாக்கா. வளைவு."

"வளைவுன்னா ஓட்டு. நானா ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறேன்?"

சென்ற ஆயுத பூஜையன்று காரைக் கழுவி நிறுத்தினேன். அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு ரேடியோவைப் போடச் சொல்லி, மேலே வந்த ஆன்டெனாவின் நுனிக் குமிழுக்குக் கீழே மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினாள்.

"அங்க எதுக்குக் கட்டற?"

"ஸ்டியரிங்குக்கு மட்டும் கட்டுனாப் போதுமா? இதும் வேலை செய்யறதுதான?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ரேடியோவை நிறுத்தியபோது ஆன்டெனா பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். மட்கார்டுக்குள் உறுமல் கேட்டது, கம்பி அசையவில்லை. கையால் அழுத்தினேன். குமிழ்வரை உள்ளே போய்விட்டது. அதன்பின் எழவே இல்லை. திரும்பி வரும் வழி முழுக்க இரைச்சல்தான்.

மோட்டார் சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ஒயர், எர்த் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டும் கம்பி எழவில்லை என்றால் நாடா போயிருக்கிறது. இது எனக்குத் தெரியும். நாடா ஏன் போனது? குமிழுக்கும் மட்கார்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. அதோடு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அன்றாடம் டைரி எழுதி, சாப்பாட்டுக்கு முன் அக்காவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அன்றும் படித்தேன். "ஆன்டெனா பழுது. காரணம்: அக்கா கட்டிய கயிறு."

அவள் என் தட்டை எடுத்து வைத்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கற. நாந்தான் கெடுத்துப்போட்டேன் சாமி."

மறுநாள் காலையில் பார்த்தபோது கயிறு இல்லை. அவளே போய் அறுத்திருக்கிறாள்.

அடுத்த ஒன்றிரண்டு பயணங்களில் பழக்கத்தில் "இங்க வரும்" என்றாள். பிறகு அதையும் விட்டாள். ரேடியோ இல்லாமல் அவள் பாடவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். பழுது பார்க்கலாமே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கெடுத்தவள் எப்படிக் கேட்பாள்? பழைய மாடல், நாடா கிடைக்காது என்று நானாகச் சொல்லி வைத்திருந்தேன். கடையில் விசாரிக்கவே இல்லை. அவள் செய்த தவறு கொஞ்ச நாள் அவளுக்கு உறைக்கட்டும் என்று நினைத்தேன். இதை அப்போது டைரியில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாமக்கல்லில் அக்கா இறந்தாள்.

பங்குனியில் காரை விற்க நினைத்தேன். பழுதோடு ஒரு பொருளை விற்பது என் வழக்கமில்லை. மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டேன். அவர் ஆன்டெனாவைக் கழற்றி வெளியே எடுத்தார். கம்பியின் அடுக்குகளுக்குள் கருப்பாக ஏதோ மெழுகு போல அப்பியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல ஆருங்க எண்ணெய் விட்டது?"

"நான்தான். மாசம் ஒண்ணாந்தேதி தவறாம. தையல் மெஷின் எண்ணெய், மூணு சொட்டு."

"கணக்கெல்லாம் கரெக்டுதானுங்க" என்று சிரித்தார். "எண்ணெய்தான் தப்புங்க. இத வெறுந்துணில தொடச்சாப் போதும். எண்ணெய் விட்டா மலை மண்ணெல்லாம் ஒட்டி உள்ள போயிருமுங்க. கம்பி எறுகிப் போச்சு. மோட்டாரு தள்ளித் தள்ளி நாடா பல்லு பூராத் தேஞ்சிருக்குது. ரெண்டு வருசமாத் தேஞ்சிருக்குமுங்க."

கயிறு கட்டியிருந்ததைச் சொன்னேன்.

"எங்கீங்க, குமிழுக்குக் கீழயா? அது உள்ளயே போவாதுங்க. கம்பி அரை இஞ்சு வெளிய நிக்கும், அவ்வளவுதான். கயித்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

சேலத்தில் சொல்லி வைத்த நாடா நாலே நாளில் வந்தது. மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ரேடியோவைப் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். அக்கா சொல்லும் வளைவுகளிலெல்லாம் பாட்டு வந்தது, அவள் சொல்லும் வளைவுகளிலெல்லாம் போனது. இரைச்சல் வரும் இடங்களில் ரேடியோவை நிறுத்தவில்லை. காரை விற்கவும் இல்லை.

என் டைரியில் அடித்தல் கிடையாது. தவறு இருந்தால் அந்தப் பக்கத்திலேயே கீழே திருத்தம் எழுதித் தேதி போடுவேன். ஆயுத பூஜைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை எடுத்தேன். "திருத்தம். காரணம் அக்கா கட்டிய கயிறு அல்ல. நான் விட்ட எண்ணெய்." எழுதி முடித்ததும், பழக்கத்தில், கொஞ்சம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். "கயிறு அல்ல" என்பதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.