வாசலில் காயவைத்த வேப்பிலை

இன்று என் தங்கை செல்லத்தைப் பெண் பார்க்க ஆயர் ஈத்தாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

விடிந்ததும் எலுமிச்சை மணம் வீசும் செராய்ப் புல் போட்டுக் கொதிக்கவைத்த நீரால் தரையைத் துடைத்தேன். துணி அலமாரியில் வாசனைக்குப் பாண்டான் இலை வைத்தேன். அரிசிப் பானையில் போடுவதற்காக, கழுவிய வேப்பிலைக் கொத்தை வெயில் படும் வாசல் நிலையில் கட்டிக் காயவிட்டேன்.

அடுப்படியில் கேசரி கிண்டும்போது வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

"வேப்பிலை கட்டியிருக்காங்க. வீட்டுல யாருக்கோ அம்மை போட்டிருக்கு போல. வாங்க, போயிடுவோம்."

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த ரிக்‌ஷா தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பட்டுச்சேலையோடு நின்ற தங்கை மெதுவாகச் சொன்னாள்: "வீடு கொஞ்சம் அழுக்காவே இருந்திருக்கலாம் லா, அக்கா."

வேப்பிலையைக் கழற்றிவிட்டேன். வீடு மணக்கிறது, கேசரி ஆறுகிறது. அக்கம்பக்கத்தார் யாராவது வந்து முகர்ந்துவிட்டாவது போங்கள்.