எழுந்து நின்ற இடம்

ஓட்டமாவடிப் பாலத்தடியில் றபீக் நானாவின் தோணியில் இருக்கிறேன். வாவி அசையாமல் கிடக்கிறது. நாளைக்குக் கித்துல்கல மலையாற்றில் ரப்பர் படகில் இறங்கப் போவதாகச் சொன்னதும் துடுப்பை நிறுத்திவிடுகிறார். அவர் அங்கே இரண்டு வருடம் படகு ஓட்டியவராம்.

“ஏன் நானா விட்டீங்க?”

“அந்த ஆத்துல உழுந்தா மல்லாந்து மிதக்கணும், காலை ஊண்டப்படாது. நான் வாவிக்காரன். இங்க உழுந்தா எழும்பி நிப்பம், இடுப்பளவுதானே. அங்கயும் எழும்பி நிண்டுட்டன். கல்லிடுக்குல கால் மாட்டிட்டு.”

இடது கணுக்கால் கோணலாக இருக்கிறது. பாலத்தில், மலைநாட்டுக்குப் போகிற வழியில், பொலன்னறுவை பஸ் போகிறது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, அந்த ஆத்து இரைச்சலைப் போன்ல புடிச்சு அனுப்புங்க. பொஞ்சாதி இல்லாத நேரம் கேக்கிறன்.”