காப்புக் கட்டிய நாட்களில் நாய்க்குப் பச்சை இறைச்சி

தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடியாது. அடுப்பு, தண்ணீர், அதோடு நாய். இலங்கையில் தோட்டத்து ஆட்களான எங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்ட மறுவருஷம் அது. நாய்க்கு ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிந்தது. ரொட்டியை வாயில் வாங்கும், முனகிக்கொண்டே கீழே போட்டுவிடும். தேத்தண்ணீரில் ஊறவைத்தேன், சோற்றைக் குழைத்தேன். முகர்ந்துவிட்டு என் முகத்தையே பார்க்கும். "நான் என்னத்தப் பண்ண? என்னயத் திங்கிறியா?" என்று கத்துவேன். கத்திவிட்டு அழுவேன். பிள்ளை இல்லாத வீட்டில் நான் வந்தால் ஓடிவர அது ஒன்றுதான் இருந்தது.

தோட்டத்துத் துரை பங்களாவில் சமைக்கிற அண்ணனிடம் சொன்னேன். "தொரை நாய்க்குப் பச்சை எறைச்சிதான் தங்கச்சி. பல்லு எப்படி இருக்கு பாரு! வெட்டிக் கழிக்கிறத பொடிசா கொத்தித் தாரேன், குடுத்துப் பாரு. ஆட்டெறைச்சிதான், பயப்படாத" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெந்ததையே விழுங்காதது பச்சையை விழுங்குமா? அதைவிடப் பெரிய சங்கடம், மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. பிள்ளை வரம் கேட்டுத் தீ மிதிப்பதாக என் வீட்டுக்காரர் காப்புக் கட்டியிருந்தார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் கவிச்சியைத் தொடக்கூடாது, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குள்ளேயே அது வரக்கூடாது. மீறினால் தீயில் இறங்குகிறவர் கால் வெந்துவிடும் என்பார்கள்.

நாய்க்கோ விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. திருவிழா முடியட்டும் என்றால் அதற்குப் புரியுமா?

வேலை விட்டதும், அவரிடம்கூடச் சொல்லாமல், சேம்பிலையில் சுற்றிய இறைச்சியோடு நாயை ஆற்றோரம் கூட்டிப்போனேன். முதல் நாள் நக்கியது. மறுநாள் விழுங்கியது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மலையிலிருந்து குழாயாய்க் கொட்டும் பீலித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் லயத்துக்குள் நுழைவேன். லிந்துலை மலைக் குளிரில், அந்தி நேரத்தில், தினமும். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டு வருகிறவளைப் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராக்கார அக்கா, "என்னா சுத்தபத்தம்டி! ஒன்னயப் பாத்துத்தான் மத்தவளுக படிக்கணும்" என்பாள். எரிச்சலாக வரும். படுத்தால் போதும் என்றிருக்கும்.

தீமிதி அன்று குழியில் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா, செஞ்சது நானு, அவர விட்டுடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் இறங்கினார். நடந்தார். ஏறினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அவர் காலைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்: "எந்திரி புள்ள. இன்னைக்கி ஆத்துப்பக்கம் போகல? நாய் பசியோட கெடக்கும்."

தெரிந்தேதான் நெருப்பில் இறங்கியிருக்கிறார், பாவி மனுஷன்.