புளியங்கொட்டை விழாத படம்

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. வாங்கியவர்கள் மீனைக் கொண்டுவந்து என் பலகைமேல் போடுவார்கள். பெரிதாக வெட்டவா, சின்னதாக வெட்டவா என்று கேட்பேன். சில நாட்களில் அதற்குமேல் நான் பேசியதே இருக்காது. ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்து எனக்குக் கை வரும், பேச்சுதான் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பலகைமேல் குனிந்துகொள்வேன். எங்கள் வீட்டில் வெளியாட்களிடம் பேச வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரரின் அக்காவே பேசிவிடுவார். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்து விற்கிறவர். விடிகிற நேரத்தில் அவர் ஏலம் எடுப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் நிற்பார்கள். அவருக்கு எந்தக் கூடை வேண்டுமோ, அந்தக் கூடையைப் பார்க்கவே மாட்டார். சங்கரா வேண்டுமென்றால் நெத்திலி பக்கத்தில் போய் நிற்பார். ஒரு நெத்திலியை எடுத்து மோந்து பார்த்து, "இன்னா நைனா இது, முந்தாநேத்து செத்ததா?" என்பார். ஏலக்காரர் சங்கராவுக்கு வந்தால் அண்ணி கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றவர்கள் கேட்டு ஓய்ந்த பிறகு, போனால் போகிறது என்பதுபோல ஒரு விலை சொல்வார். கூடை அவருக்கு வந்துவிடும்.

"உன் மூஞ்சிய பாத்தா ஒண்ணும் வெளங்க மாட்டுதுமே" என்று ஏலக்காரர் சிரிப்பார்.

"வெளங்கிட்டா நான் இன்னாத்த துன்றது?" என்பார் அண்ணி.

அவர் மட்டுமல்ல, எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறும். இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூடை தூக்க ஆரம்பித்தால் தானாக வந்துவிடும்.

எங்கள் குப்பத்தில் அப்போது எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. முன்பு மணல் இருந்தது. கடல் மணலைத் தின்றுகொண்டே வந்ததால், கரை நெடுக லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். அதன்பிறகு பெண்கள் அந்தக் கற்களைத்தான் தாண்டிப் போக வேண்டும். அதுவும் விடிவதற்கு முன்பு, இல்லாவிட்டால் இருட்டிய பிறகு. பெரிய ரோட்டில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. அது எப்போதும் அடைத்துக்கொண்டு கலீஜாகவே கிடக்கும்.

ஒரு மழைக்காலத்தில் பாசி வழுக்கி அண்ணி இரண்டு கல்லுக்கு நடுவில் விழுந்தார். இடுப்பில் அடி. புத்தூர் கட்டு போட்டு, பல மாதம் படுத்து எழுந்தார். ஏலத்துக்குத் திரும்பிவிட்டார், ஆனால் கல் ஏற முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து ஏற்றி, இன்னொரு பக்கம் இறக்கிவிடுவேன். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அண்ணி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். வெயிலில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார், உதடு வெடித்திருக்கும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அடிக்கடி காய்ச்சல் வந்தது. "இப்படியே போனா கிட்னி கெட்டுடும்மா" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அண்ணிக்குக் கழிப்பறை என்பது வசதி இல்லை, உயிர் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கூட்டம் ஒன்று நடந்தது. இரண்டாயிரம் கழிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். சுனாமிக்கு முன்பு எங்கள் பக்கம் வெளியாட்கள் அவ்வளவாக வந்ததில்லை. ஒரு இளம்பெண்ணும், கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியும் வேனில் வந்து மீனவர் சங்கத் தலைவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் பெண்கள் எல்லாரும் சங்கக் கட்டடத்துக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களூரில் கூட்டம் என்றால் ஆண்கள்தான். பெண்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குக் குழாயடியில் அண்ணி எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"ஊருக்கு இன்னா வேணும்னு கேப்பாங்களாம். கக்கூஸுன்னு யாராவது வாய தொறந்தீங்க, தெரியும் சேதி."

"கேக்கறாங்களே அண்ணி, சொல்லிட்டா இன்னா?" என்றேன் மெதுவாக.

"போன தபா தெருவுக்கு வெளக்கு வேணும்னு சொன்னோமே, இன்னா ஆச்சி? நமக்கு ஆச கீதுன்னு தெரிஞ்சதும் அந்த கவுன்சிலரு, மால கொண்டா, மேளம் கொண்டா, கூட்டத்துக்கு ஆள கொண்டான்னு எப்டி அலய வுட்டான்? கடசீல இன்னா வந்துச்சி?"

"கம்பம் வந்துச்சி" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கம்பந்தான் வந்துச்சி. வெளக்கு வர்ல. அதான் சொல்றேன். எல்லாம் முடிஞ்சி கடசீல, வேற இன்னாமா வேணும்னு அவங்களே கேப்பாங்க. அப்ப போனா போவுதுன்ற மேரி ஒரு வார்த்த வுடணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் வலைகளை ஒரு மூலையில் தள்ளிவிட்டு பாய் விரித்திருந்தார்கள். ஆண்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் நன்றாகப் பேசினாள். குரலில் அதிகாரம் இல்லை.

"உலகத்துல இருக்கிற நாடுங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து சில இலக்கு வச்சிருக்காங்க. பசி குறையணும், எல்லாப் பிள்ளைங்களும் படிக்கணும், பிரசவத்துல எந்தத் தாயும் சாகக் கூடாது, நல்ல தண்ணி, சுகாதாரம், இப்படி. நம்ம நாடும் ஒத்துக்கிட்டிருக்கு. அதையெல்லாம் நம்ம அஞ்சு வருஷத் திட்டத்துக்குள்ள எப்படிக் கொண்டுவர்றதுன்னு இப்ப பார்க்கறாங்க. மேல உட்கார்ந்து எழுதினா மட்டும் போதாது, உங்களைக் கேட்டு எழுதணும்னுதான் நாங்க வந்திருக்கோம்."

"ஒலகமே சேந்தா?" என்றார் அண்ணி.

"ஆமாக்கா."

அண்ணி என் காதோடு, "அப்ப வெல நல்லா ஒசரும்மே, மூஞ்சில காட்டிடாத" என்றார்.

அந்தப் பெண் தான் கொண்டுவந்த பாயை நடுவில் விரித்து, அதில் படங்களைப் பரப்பினாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சோற்றுப்பானை, குழாய், கொசு, மரம், கடைசியில் கதவு போட்ட ஒரு கழிப்பறை. எங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்தாள். "உங்களுக்கு எது ரொம்ப அவசியமோ, அந்தப் படத்துமேல நிறைய வைங்க" என்றாள்.

முதலில் அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழிப்பறைப் படத்தைத் தாண்டிப் போனார், கண்கூட அந்தப் பக்கம் போகவில்லை. கையிலிருந்த எல்லாக் கொட்டையையும் மரத்தின்மேல் கொட்டினார்.

"மரம்னா எனுக்கு உசுரு" என்றார். ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். எங்கள் குப்பத்தில் உப்புக்காற்றுக்கு முருங்கைகூட நிற்காது.

அவருக்குப் பிறகு ஒவ்வொருத்தியும் போனாள். கொசுவின்மேல் கொஞ்சம், பள்ளிக்கூடத்தின்மேல் கொஞ்சம், மீதி மரத்தின்மேல். நானும் மரத்தின்மேல்தான் வைத்தேன். கழிப்பறைப் படம் துடைத்துவைத்ததுபோல இருந்தது. அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை பேரும் ஒரு முகமாக மறைத்துவிட்டோம் இல்லையா.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அதிகாரி போட்டோ எடுத்தார். "இந்த ஊருக்கு மரம்தான் முதல்ல, அடுத்தது கொசு ஒழிப்பு. சரிதானேக்கா?" என்று கேட்டாள். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். அந்தக் கேள்வி வரவில்லை. அவள் கும்பிட்டு நன்றி சொன்னாள். படங்களை அடுக்கினாள். பாயைச் சுருட்டினாள். பெண்கள் எழுந்து கலைய ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"இன்னாமே எழுந்து போறா?" என்றார் அண்ணி. "திரும்பி ஒரு வார்த்த கேக்காம போறாளே?"

ஏலத்தில் எத்தனையோ கூடையை அண்ணி விட்டுக்கொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் அவர் முகம் மாறியதில்லை. அன்றைக்குத்தான் மாறியது.

நான் எழுந்து ஓடினேன். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் "என்னக்கா?" என்றாள்.

"அந்தக் கடைசி படம்" என்றேன். "அதான் எங்களுக்கு வேணும்."

"கழிப்பறையா? அதுல யாருமே ஒரு கொட்டைகூட வைக்கலையே?"

"அதனாலதாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கவும் தெரியவில்லை. உள்ளே இருந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "இப்படித் தனியா வந்து ஒருத்தர் சொல்றத எழுதக் கூடாதும்மா. எழுதினா, ஒவ்வொரு ஊர்லயும் வேன் பக்கத்துல வந்து பேசறவங்க சொல்றதுதான் திட்டத்துல ஏறும். எல்லார் முன்னாடியும் வச்சதுதான் கணக்கு."

அது நியாயம்தான். எங்கள் ஊருக்கு விளக்கு வேண்டும் என்பதை யார் யாரோ தனியாகப் போய்ப் பேசித்தானே கம்பமாக்கினார்கள். ஆனாலும் நான் நகரவில்லை. அழுகை வந்தது. "எங்க அண்ணியால கல்லு ஏற முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு இறங்கி என்னோடு வந்தாள்.

அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நான் இல்லாமல் அவரால் எழ முடியாது. அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, உண்மையில உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"நீ இன்னா தருவ, அத்த சொல்லு மொதல்ல" என்றார் அண்ணி. அப்போதும் விடவில்லை.

"என் கையில தர்றதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. நான் கேட்டு எழுதிக்கிட்டுப் போறவ, அவ்வளவுதான்."

"ஒண்ணும் இல்லாமயா இத்தினி பேர கூப்ட்டு குந்த வெச்ச? அப்ப வெல சொல்றவன் யாரு?"

"டெல்லியில திட்டம் போடறவங்க. நான் எழுதறது அங்க போகும். போகணும்."

"அவன் மூஞ்சிய பாக்க முடியாதா?"

"நானே பார்த்ததில்லக்கா."

 அண்ணி சிரித்துவிட்டார். "அய்ய, மூஞ்சியே இல்லாதவனாண்டயா நான் இவ்ளோ நேரம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு குந்தியிருந்தேன்?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, ஏலத்தில் கூப்பிடுகிற அதே குரலில், "எல்லாரும் வாங்கமே திரும்ப! இவளாண்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்தினார். தெருமுனை வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் வேனிலிருந்து படங்களைக் கொண்டுவந்து மறுபடி பரப்பி, எல்லார் கையிலும் கொட்டை கொடுத்தாள். ஆண்களும் இன்னும் போகவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏலத்தில் ஆண்களோடு மல்லுக்கு நிற்கிற பெண்கள், அந்தப் படத்தின்மேல் அவர்கள் பார்க்கக் கை வைக்கக் கூச்சப்பட்டார்கள். ஒருவன் ஜன்னலில் இருந்து, "இன்னாமே, மரம் பட்டுப்போச்சா?" என்று கேலி செய்தான்.

"உன் வூட்டுக்காரியும் அந்தக் கல்லுமேலதான்டா ஏறிக்கினு கீறா. நீ வந்து அவ கைய புடிச்சிக்கினு நில்லு, நாங்க மரமே கேட்டுக்கறோம்" என்றார் அண்ணி. அவன் ஜன்னலை விட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு யாரும் தயங்கவில்லை. படமே தெரியாமல் கொட்டைகள் குவிந்தன. அதிகாரி மறுபடியும் போட்டோ எடுத்தார். இந்தத் தடவை அவரும் எழுதிக்கொண்டார்.

அந்தக் கொட்டைகள் டெல்லி வரை போயினவா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணும் திரும்பி வரவில்லை. உலகம் முழுவதற்கும் என்று யாரோ இலக்கு எழுதுகிறார்கள். அதை ஒரு நாட்டின் திட்டத்தில் சேர்க்க இன்னும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். கேட்டால் ஜனங்கள் சொல்லிவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். முதலில் சொன்னவர் தோற்பார் என்பது எங்கள் அனுபவம். இரண்டு பக்கமும் பொய் இல்லை. நடுவில் ஒரு பாய் சுருட்டப்பட்டு வேனில் ஏறியதை நான் பார்த்தேன். அப்படி எத்தனை ஊர்களில் பாய் சுருட்டினார்களோ, எத்தனை ஊர்களில் மரம் என்று எழுதிக்கொண்டு போனார்களோ என்று மீன் வெட்டும்போது சில நாள் யோசித்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு பல பேர் பல கட்டடம் கட்டினார்கள். அதில் எங்களுக்கும் ஒரு கழிப்பறை வந்தது. எந்தத் திட்டத்தில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே அண்ணி போய் மேஸ்திரியிடம், "படி ஒசரமா வெக்காத. புடிச்சிக்க ஒரு பைப்பு வெய்யி. இது எனுக்கு வேணும்" என்றார். மேஸ்திரி அதெல்லாம் எஸ்டிமேட்டில் இல்லை என்றார். அண்ணி தினமும் போய் அதே வார்த்தையைச் சொன்னார். கடைசியில் மேஸ்திரி ஒரு பழைய பைப்பை வளைத்துச் சுவரில் பதித்துக் கொடுத்தார்.

திறந்த அன்று நல்ல மத்தியான வெயில். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி என் கையை விட்டுவிட்டு, பைப்பைப் பிடித்துத் தானாகவே படியேறி உள்ளே போனார். வெளியே வந்ததும் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"கொழாய்ல தண்ணி நூல் மேரி வருது. இது பத்தாது. யாராண்ட சொல்லணும், சொல்லுங்க, இப்பவே போலாம்."